செல்லாயி வெட்டாத ஏரி

உத்திரமேரூர் பஜார் தெருவில் குடையும் பூட்டும் டார்ச்லைட்டும் விற்கிற அத்தாவுல்லா பாய் கடைக்கு மேல்மாடியில், 2005-ஆம் வருஷம் 'சிராஜ் நெட் பாயின்ட்' என்றொரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், ஒரே ஒரு டெலிபோன் லைன். லைன் கிடைத்தால் இன்டர்நெட். கிடைக்காவிட்டால் வந்தவர்கள் கம்ப்யூட்டரில் சீட்டாடிவிட்டுப் போகவேண்டியதுதான். நடத்துகிறவன் பாயின் மூத்த மகன் சிராஜ். நல்ல பையன், ஒல்லி, வாய் கொஞ்சம் நீளம்.

அப்போது பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் 'புராஜெக்ட்' என்கிற காய்ச்சல் அடித்த சமயம். பிள்ளைகள் மாடியேறி வந்து, "அண்ணா, யானையப் பத்தி எட்டுப் பக்கம்" என்பார்கள், ஏதோ கடையில் எட்டு முழம் பூ கேட்கிற மாதிரி. நெட்டில் ஐந்து பக்கம் அகப்பட்டால் பாக்கி மூன்றை சிராஜே பார்த்துக்கொள்வான். 'யானை மிகவும் நன்றியுள்ள பிராணி. அது நம் வாழ்வோடு இரண்டறக் கலந்துவிட்டது' என்று தன் பாட்டுக்கு அடித்துத் தள்ளுவான். எந்த வாத்தியாரும் இதெல்லாம் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டதில்லை. ஒருத்தராவது கேட்டிருந்தால் நமக்கு இந்தக் கதையே இல்லை.

அவனுடைய இந்தக் கைவேலை செல்லுபடியாகாத ஒரே வாடிக்கை சசிரேகா. திருப்புலிவனத்தைத் தாண்டி உள்ளே போனால் ஓடைப்பாக்கம் என்று ஒரு சின்ன ஊர். அங்கே பயிர் வைக்கிற வீராசாமியின் மகள். காஞ்சிபுரத்தில் எம்.ஏ. சரித்திரம் படித்துக்கொண்டிருந்தாள். வாரம் இரண்டு நாள் காலேஜ் விட்டு வரும் வழியில் மாடியேறுவாள்.

"இன்னா சசி, பக்கம் கொறயுதா? ரெண்டு பக்கம் நான் போட்டுத் தரட்டா?" என்று சிராஜ் ஒருமுறை ஆசையாகக் கேட்டான்.

"வேணாம்ணா. ஆதாரம் இல்லாம ஒரு வரி கூட எங்க மேடம் ஒத்துக்க மாட்டாங்க" என்றாள் அவள். அன்றிலிருந்து அவளைப் பார்த்தால் சிராஜுக்குக் கொஞ்சம் பயம், நிறைய மரியாதை.

பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம் அந்த சசிரேகா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள்.

"சிராஜ்ணா! எங்க ஊரு ஏரி நெட்ல கீதுணா! இங்க வந்து பாரேன்!"

சிராஜ் போய் எட்டிப் பார்த்தான். திரையில் இப்படி இருந்தது: '1778-ஆம் ஆண்டின் கடும் பஞ்சத்தில், செல்லாயி என்ற தனியொரு பெண்மணி தன் நகைகளை விற்று ஓடைப்பாக்கம் ஏரியை வெட்டினார். அவர் நினைவாக இன்றளவும் செவ்வாய்க்கிழமைகளில் அந்த ஏரியின் மதகு திறக்கப்படுவதில்லை.'

அடுத்த வரி என்னவென்று திரையைப் பார்க்காமலே சிராஜால் சொல்ல முடியும். எழுதினவனே அவன்தானே!

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவன் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தபோது, பத்துப் பக்கத்தில் ஒரு வெப்சைட் செய்து காட்டினால்தான் சர்டிபிகேட் என்று சொல்லிவிட்டார்கள். சுற்றுவட்டாரத்தைப் பற்றி எழுதினான். கோயில், பஸ் நேரம், வாலாஜாபாத் ரைஸ் மில் என்று ஒன்பது பக்கம் எப்படியோ தேறியது. பத்தாவது வெறுமையாக முறைத்தது. கடைசி நாள். அன்றைக்கென்று செவ்வாய்க்கிழமை. பஸ் ஸ்டாண்டில் இட்லி விற்கிற செல்லாயியக்கா செவ்வாய்க்கிழமை கடை போடமாட்டாள். சிராஜுக்கு நாஷ்டா கிடையாது. பசி மயக்கத்தில், எப்போதோ நீச்சலடிக்கப் போன ஓடைப்பாக்கம் ஏரியை நினைத்தான், இட்லியை நினைத்தான், இரண்டையும் சேர்த்து ஒரு பக்கத்தை நிரப்பிவிட்டான். 1778 என்பது அத்தாவுல்லா பாயின் ஸ்கூட்டர் நம்பர். சர்டிபிகேட் வந்தது. வெப்சைட்டை அவன் அழிக்காமல் அப்படியே விட்டுவிட்டான். இலவச இடம்தானே, கிடந்துவிட்டுப் போகட்டும் என்று.

"நெட்ல பாத்ததெல்லாம் நம்பிடாத சசி" என்று சிராஜ் ஈனக்குரலில் சொன்னான்.

"நம்புவனாணா? ஒரு சேதி கெடச்சா இன்னும் ரெண்டு எடத்துல பாக்கணும்னு மேடம் சொல்லிக்கீறாங்க. நான் ஆறு எடத்துல பாத்துட்டேன். ஆறுலயும் இதேதான் கீது!"

ஆறா? சிராஜுக்கே அது புதுச் சேதி. ஊர்க்கதை சொல்கிற தளம் ஒன்று, யாத்திரை போகிறவர்களுக்கான தளம் ஒன்று, வெளிநாட்டில் இருக்கும் தமிழர் யாரோ நடத்துவது ஒன்று என்று ஆறிலும் அதே செல்லாயி, அதே 1778, அதே செவ்வாய்க்கிழமை.

உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்தப் பெண் முகத்தில் அவ்வளவு வெளிச்சம். தன் ஊருக்கு ஒரு சரித்திரம் கிடைத்துவிட்டது, அதுவும் ஒரு பெண்பிள்ளையின் சரித்திரம்! 'ஏரி வெட்டிய பெண்கள்' என்று அவள் தலைப்பே வைத்துவிட்டாள். மெட்ராஸில் ஒரு செமினாரில் போய்ப் படிக்க மேடம் அவள் பேரைக் கொடுக்கப்போகிறார்களாம். இதில் போய் இட்லிக்காரி என்று எப்படிச் சொல்வது? யாருக்கு என்ன நஷ்டம் என்று சிராஜ் தன்னைத் தேற்றிக்கொண்டு பிரின்ட் போட்டுக் கொடுத்தான்.

யாருக்கு நஷ்டம் என்பது பங்குனியில் தெரிந்தது.

ஜனவரி 26 கிராமசபைக் கூட்டத்தில் சசிரேகா அந்தத் தாளைப் படித்துக் காட்டி, ஆறு இடத்தில் இதேதான் இருக்கிறது என்றும் சொல்ல, ஊரே கைதட்டியிருக்கிறது. பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் தாளை ஒட்டினார்கள். செவ்வாய்க்கிழமை என்றால் அந்தப் பக்கத்தில் குதிரிலிருந்து நெல்லை எடுத்து வெளியே கொடுக்கமாட்டார்கள், விதைக்கமாட்டார்கள். ஆகவே அந்தக் காலத்தில் ஏரி மதகையும் திறந்திருக்கமாட்டார்கள் என்றதும், 'அதான பாத்தேன்' என்று எல்லோரும் தலையாட்டினார்கள். பொய் எழுதினவன் அறியாமலே ஊர் வழக்கத்தில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துவிட்டது அந்த வரி.

தையிலும் மாசியிலும் ஏரியில் தண்ணீர் இருந்தது. அவரவர் கழனிக்கு வேண்டியதைப் பாய்ச்சினார்கள். பங்குனி பிறந்து தண்ணீர் இறங்கியதும் முறைத்தண்ணீர் ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு ஒரு பகுதிக் கழனி. மதகைத் திறந்து மூடுகிற நீர்க்கட்டி முனிரத்தினம். மதகுக்கு அடியிலேயே நிலம் வைத்திருக்கும் பெரிய கை வேதாசலத்துக்கு வெள்ளிக்கிழமை முறை. எல்லோருக்கும் கடைசியில், வாய்க்கால் முடிகிற இடத்தில் இருக்கிற வீராசாமிக்குச் செவ்வாய்க்கிழமை.

"போன வருஷம் ஏன் மழ இல்ல? செல்லாயியம்மா வெச்ச பயக்கத்த வுட்டதாலதான். இனிமே செவ்வாக்கெயம மதவு தொறக்கக் கூடாது" என்று வேதாசலம் சொல்லிவிட்டார். ஒரு நாள் தண்ணீர் மிச்சமானால் பாக்கி ஆறு நாள்காரர்களுக்கும் கூடக் கிடைக்கும் என்பதால் யாரும் மறுக்கவில்லை. முனிரத்தினம் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு செவ்வாய்தோறும் மாமியார் வீட்டுக்குப் போக ஆரம்பித்தான்.

இரண்டு செவ்வாய் போயிற்று. மூன்றாவதுக்கு முந்தின நாள், திங்கட்கிழமை காலை, சசிரேகா மாடியேறி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எங்கப்பா கயனி வெடிச்சிப் போச்சுணா. நெல்லு பால் புடிக்கற சமயம். நாளைக்கும் தண்ணி இல்லன்னா அத்தினியும் பதுருதான், ஒரு மணி தேறாது. இந்தச் சேதி மொதல்ல எங்கேர்ந்து வந்துதுன்னு எனக்குத் தெரியணும். எந்தக் கல்வெட்டு, எந்தப் புஸ்தகம்? இந்த ஆறுல ஒருத்தனும் சொல்ல மாட்டேன்றான்."

சிராஜ் நாற்காலியை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"கல்வெட்டு இல்ல சசி. நான்தான் எழுதனேன்."

"இன்னா எழுதன?"

"அந்தப் பக்கத்த. செல்லாயின்றது நம்ம பஸ் ஸ்டாண்ட் இட்லிக்கடை அக்கா. செவ்வாக்கெயம அவங்களுக்கு லீவு."

சசிரேகா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, அவனுடையதோடு சேர்த்து ஏழு பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து தேதி பார்த்தாள். சிராஜுடையது 2001. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. இரண்டு தளங்களில் வரிக்கு வரி அதுவேதான். மற்றவற்றில் முன்னே பின்னே மாற்றிப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

"அப்ப ஆறு பேரு இல்ல" என்றாள். "ஒருத்தன்தான். நீ ஒருத்தனே ஆறு வேஷம் கட்டிக்கினு நின்னுருக்க."

"நான் வேணும்னு—"

"அன்னிக்கு என் பக்கத்துலதான நின்னுக்கினு இருந்த? வாயில இன்னா வெச்சிக்கினு இருந்த?" அவள் குரல் உடைந்தது. "உன்னச் சொல்லி இன்னா? பொறந்ததுலேர்ந்து செவ்வாக்கெயம எங்க கயனிக்குத் தண்ணி பாயறதப் பாத்துக்கினே வளந்தவ நானு. அது கண்ணுக்கு நேரா கீது. அப்பிடியும் அந்தத் தாளுக்கு அடியில இன்னா எழுதனேன் தெரியுமா? 'இவ்வழக்கம் தற்காலத்தில் கைவிடப்பட்டது'ன்னு எழுதனேன். நெட்ல கீறத வுட முடியாம எங்கப்பா கயனியப் பொய்யாக்கனேன். அத்தத்தான் வேதாசலம் பெரீப்பா புடிச்சிக்கினாரு."

சிராஜுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷமாக யானைக்கும் ஒட்டகத்துக்கும் நிரப்பின பக்கமெல்லாம் ஒரேயடியாக ஞாபகத்துக்கு வந்தது. கடையைப் பூட்டினான். "நான் வந்து ஊர்லயே சொல்றேன்" என்று பாயின் ஸ்கூட்டரை எடுத்தான். அவள் டவுன் பஸ் பிடித்தாள்.

ஏரிக்கரை வேப்பமரத்தடியில் வேதாசலமும் முனிரத்தினமும் இன்னும் நாலு பேரும் இருந்தார்கள். சசிரேகா வந்து சேர்ந்ததும் சிராஜ் எல்லோர் முன்னிலையிலும் ஒன்றுவிடாமல் சொன்னான். பசி, இட்லி, ஸ்கூட்டர் நம்பர் எல்லாம். சொல்லி முடித்ததும் அடி விழும் என்று எதிர்பார்த்தான்.

சிரித்தார்கள்.

"ஏன் தம்பி, இந்தப் பொண்ணு அய்துதுன்னு நீ வந்து பொய் சொல்றியா?" என்றார் வேதாசலம்.

"பாய் புள்ளைக்கு எளகின மனசு" என்றான் முனிரத்தினம்.

"அய்யோ, சத்தியமா நான்தான் எழுதனேன் நைனா!"

"ஆறு எடத்துல போட்டுக்கீது. வெளிநாட்டுக்காரன் கூட எழுதிக்கீறான். நீ ஒருத்தன் வந்து இல்லன்னு சொன்னா, உன்னை நம்பறதா அந்த ஆறு பேர நம்பறதா? நீயே சொல்லு."

சிராஜ் திகைத்துப்போனான். பொய் சொன்னபோது உலகமே நம்பிற்று; மெய் சொல்ல வந்தால் ஆதாரம் கேட்கிறார்கள்! வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்குக் கோபம் கோபமாக வந்தது.

"ஏறுங்க வண்டில" என்றான். "இப்பவே காட்றேன்."

வேதாசலத்துக்கு எப்படியும் யூரியா வாங்க உத்திரமேரூர் போகவேண்டியிருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். சசிரேகா அடுத்த பஸ்ஸில் பின்னாலேயே வந்துவிட்டாள்.

லைன் கிடைக்க இருபது நிமிஷம் ஆயிற்று. கிடைத்த நேரம் பார்த்துக் கீழே அத்தாவுல்லா பாய் போனை எடுத்து யாருக்கோ டயல் செய்ய, அறுந்தது. "அத்தா! போன வையுங்க அத்தா!" என்று சிராஜ் மாடியிலிருந்து அலறினான். மறுபடி பத்து நிமிஷம். ஒருவழியாகப் பக்கம் திறந்தது. வேதாசலம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுவரில் ஒட்டின அதே எழுத்துதான் என்று பார்த்துத் தலையாட்டினார்.

"உங்க அப்பா பேரு இன்னா நைனா?"

"ஆறுமுகம். எதுக்கு?"

சிராஜ் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய், தடதடவென்று தட்டி, மறுபடியும் பக்கத்தைத் திறந்தான். "இப்ப படிங்க."

வேதாசலம் எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஆயிரத்து எழுநூத்தி எழுபத்தெட்டாம் ஆண்டின் கடும் பஞ்சத்தில்... ஆறுமுகம் மகன் வேதாசலம் என்ற... தனியொரு பெருமகனார்... தன் நகைகளை விற்று... டேய், எனக்கு ஏதுடா நகை?"

"அத்த வுடுங்க. ஏரிய நீங்கதான் வெட்டனீங்க."

"இது... இங்க மட்டும் தெரியுதா?"

"அமெரிக்காவுல ஒருத்தன் தொறந்தாலும் இதான் தெரியும்."

பெரியவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததே, பார்க்கவேண்டும். துண்டைச் சரிசெய்துகொண்டார். முதலிலிருந்து இன்னொருமுறை படித்தார்.

"இன்னும் கொஞ்ச நாள்ல இத்தயும் ஆறு பேரு காப்பி அடிப்பான் பெரீப்பா" என்றாள் சசிரேகா. "அப்பறம் நான் வெட்டலன்னு நீங்களே போய்ச் சொன்னாலும் ஒருத்தனும் நம்ப மாட்டான். காலைல சிராஜண்ணன நீங்க நம்பனீங்களா?"

வேதாசலத்தின் சிரிப்பு மெல்ல இறங்கியது. "அந்த வருஷம்? அது எங்கேர்ந்து வந்துது?"

சிராஜ் ஜன்னலைத் திறந்து கீழே கை காட்டினான். அவரைச் சுமந்து வந்த ஸ்கூட்டர் வாசலில் நின்றது. நம்பர் பிளேட்டில் 1778. பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"அயிச்சிடு தம்பி" என்றார் கடைசியில். "எங்க பாட்டன் பூட்டனுங்க எத்தினி பேரு மண்ணு சொமந்தானுங்களோ! அதுல என் பேரு இருந்தா வெக்கக்கேடு." சசிரேகா பக்கம் திரும்பாமலே சொன்னார்: "உங்கப்பன்கிட்ட சொல்லு. நாளைக்கி மதவு தொறக்கும். ரெண்டு வாரத்துத் தண்ணிக்கு என் வெள்ளிக்கெயமயும் எடுத்துக்கட்டும்."

படியில் நாலு அடி இறங்கினவர் திரும்பி வந்தார். "அயிக்கறதுக்கு முன்னால ஒரு பிரின்ட்டு எடுத்துக் குடு. வூட்ல அவகிட்ட மட்டும் காட்டிட்டு கியிச்சிப் போட்டுர்றேன்."

சிராஜ் வாயைத் திறக்கும் முன், "ஒண்ணும் கெடையாது பெரீப்பா" என்றாள் சசிரேகா. சிராஜ் அங்கேயே, அவர் கண் முன்னாலேயே அழித்தான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. விடிந்ததும் முனிரத்தினம் மதகைத் திறந்தான். பத்து மணிக்குத் தண்ணீர் கடைசிக் கழனி வரப்பைத் தொட்டது. வீராசாமி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். வெடிப்பில் தண்ணீர் இறங்குகிற சத்தத்தைக் கேட்டுச் சசிரேகா அழுதேவிட்டாள்.

காலேஜில் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. செல்லாயி இல்லாமல் 'ஏரி வெட்டிய பெண்கள்' நிற்கவில்லை. செமினாருக்கு வேறொரு பெண் போனாள். சசிரேகா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் புதுத் தலைப்போடு மேடத்திடம் போய் நின்றாள்: ஒரு பொய் எப்படி ஆறு இடத்துக்குப் போய், திரும்பித் தன் ஊர் மதகை மூடியது என்று. மேடம் ஒத்துக்கொண்டார்கள், ஆனால் எழுதினவனின் கையெழுத்து வேண்டும் என்றார்கள்.

சிராஜ் முழுத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். ஒரு வரிகூட இட்டுக்கட்டாமல் அவன் நிரப்பிய முதல் பக்கம் அதுதான். தன் வெப்சைட்டிலும் அதையே போட்டான். அதோடு விடாமல், ஆறு தளத்துக்கும் மெயில் அனுப்பினான்: 'ஓடைப்பாக்கம் ஏரியைச் செல்லாயி வெட்டவில்லை. அது நான் செய்த கற்பனை. தயவுசெய்து நீக்கவும்.'

ஐந்து பேரிடமிருந்து பதிலே இல்லை. ஒரு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, சசிரேகா பக்கத்தில் இருக்கும்போதே ஆறாவது ஆளிடமிருந்து பதில் வந்தது. சிராஜ் ஆவலாகத் திறந்து சத்தமாகப் படித்தான்.

'தங்கள் கடிதம் கிடைத்தது. இந்தத் தகவல் பல நம்பகமான தளங்களில் இடம்பெற்றுள்ளது. இது தங்கள் கற்பனைதான் என்பதற்கு ஆதாரம் உண்டா?'

சசிரேகா விழுந்து விழுந்து சிரித்தாள். சிராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. காதெல்லாம் சிவக்க, கீபோர்டை முன்னால் இழுத்துக்கொண்டு பதில் அடித்தான்.

'உண்டு. ஒரு செவ்வாய்க்கிழமை ஓடைப்பாக்கம் வந்து பாருங்கள். மதகு திறந்திருக்கும். காலையில் வந்தால் வரும்போதே நாஷ்டா சாப்பிட்டுவிட்டு வரவும். அன்றைக்குச் செல்லாயியக்கா கடை லீவு.'